என் வார்த்தையை நம்பி எழுதிய வரி

எங்கள் குடும்பத்தில் செய்யாத தப்புக்கு யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. செய்த தப்புக்குக் கேட்காமல் இருந்ததும் இல்லை. ஆகவே, அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, ஒரு தாளை என் பக்கம் தள்ளியபோது நான் அதைக் கையால் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருந்த இடத்திலிருந்தே படித்தேன்.

லிஃப்டுகளைப் பராமரிப்பது எங்கள் தொழில். அப்பா ஆரம்பித்தது; அவருக்குப் பிறகு நானும் தம்பியும், இப்போது என் மகன். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, சுவரோரம் இரும்புக் கயிற்றுச் சுருள்கள், கதவு உருளைகள், பிரேக் கட்டைகள். உள்ளே வருகிறவர் மூக்கில் முதலில் கிரீஸ் வாசனைதான் ஏறும். செயலாளர் கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டே பேசினார்.

தாளில் இருந்தது இதுதான்: "எங்கள் நிறுவனத்தின் மருமகள் எழுதிய கணினி ஸ்கிரிப்ட் சரியாக வேலை செய்யாததால், குடியிருப்பவர் ஒருவர் லிஃப்டுக்குள் சிக்கி அவதிப்பட நேர்ந்தது. இதற்கு அவரே முழுப் பொறுப்பு. இனி அவர் இந்தப் பணியில் ஈடுபடமாட்டார்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் மருமகளின் பெயரை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள்.

"நிறுவனத்துக்கு ஏது மருமகள்?" என்றேன். "அவ என் வீட்டு மருமகள்."

"வார்த்தையில என்ன சார் இருக்கு?"

"தாள் முழுக்க வார்த்தைதானே இருக்கு."

செயலாளர் கைக்குட்டையை மடித்தார். "சார், ஜனங்க கொதிச்சுப் போயிருக்காங்க. வேற கம்பெனிக்குக் குடுத்துரலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இதை எல்லா வாசல்லயும் ஒட்டிட்டா அடங்கிடுவாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. உங்க தம்பிதான் சார் இந்த யோசனையே சொன்னாரு. ஸ்கிரிப்ட் தப்புதான்னு அவரே ஒத்துக்கிட்டாரே."

நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மூலையில் நின்று, ஒரு கதவு உருளையை வாழ்நாளில் முதல்முறை பார்க்கிறவன்போல உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடியிருப்பின் மேல்மாடியில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். செயலாளர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மதியம், தைத்து முடித்த துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மின்சாரம் ஒரு கணம் போய் வந்ததில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் லிஃப்ட் நின்றால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே எங்களுக்கு ஒரு மெயில் அனுப்பும். அன்றும் அனுப்பியது. ஆனால் எங்களில் யாரும் போகவில்லை. உள்ளே போன் எடுக்காது. அவசர மணியின் பேட்டரியை மாற்றுங்கள் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்லியும் அந்தச் சங்கத்தின் காதில் ஏறவில்லை. காவலாளி விடுப்பில் இருந்தார். வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பிய பிறகுதான் யாரோ கூச்சல் கேட்டு எங்களுக்குப் போன் செய்தார்கள். மகன் பறந்துபோய் அந்தம்மாவை வெளியே எடுத்தான்.

லிஃப்டின் தரையில் வைத்தால் அழுக்காகிவிடும் என்று அவ்வளவு நேரமும் மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வெளியே வந்ததும் அழவில்லை. என் மகனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே தம்பி, அதையே படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அந்த ஸ்டிக்கரின் வாசகம் நான் எழுதியது. "லிஃப்ட் நின்றால் அந்த நொடியே எங்களுக்குத் தெரியும். பதற வேண்டாம், வருகிறோம்." அடியில் என் அப்பாவின் பெயர்.

செயலாளர் போனதும் தம்பி உருளையைக் கீழே வைத்தான்.

"ஒரு கையெழுத்துதானே அண்ணா. வேலை கையை விட்டுப் போயிடக் கூடாது பாரு."

"யாரோட கையெழுத்து?"

"அவளோடதுதான். அவ எழுதினதுதானே வேலை செய்யல?"

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். எந்தச் சேதியானாலும் முதலில் அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் வாயால் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தை பிறந்ததைத் தகப்பனுக்கு முன்னால் தெருவுக்குச் சொல்கிறவன். புகார்கள் மெயிலில் வரத் தொடங்கியதிலிருந்து அலுவலகக் கணினியின் முன்னால் உட்கார்ந்தது அவன்தான். புகார் வந்தால், "வந்துருச்சு!" என்று தெருமுனைவரை கேட்கும்படி கத்துவான். அந்தக் குரலில் துக்கம் இருக்காது. அவன் சாப்பிடப் போனால், குளிக்கப் போனால், அசந்து தூங்கினால் மெயில் அப்படியே கிடக்கும். ஒருமுறை அப்படிக் கிடந்து ஒரு மருத்துவரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கணினிக்குச் சொல்லிவைக்கும் கட்டளைகளான இந்த ஸ்கிரிப்டை மருமகள் எழுதினாள்.

அவள் வேறொரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறவள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. தன் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதினாள். எனக்குப் புரிய வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னாள்.

"கடைக்காரர்கிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் 'சரக்கு வந்துச்சா, வந்துச்சா'ன்னு கேட்டா அவருக்கும் எரிச்சல், நமக்கும் அலைச்சல். அதுக்குப் பதிலா, 'நான் இங்கேயே ஓரமா உட்கார்ந்திருக்கேன், வந்தா நீங்களே சொல்லுங்க'ன்னு உட்கார்ந்துட்டா? அதான் மாமா இது. மெயில் சர்வரோட ஒரு இணைப்பைத் திறந்து வச்சுக்கிட்டு சும்மா காத்திருக்கும். மெயில் வந்த உடனே சர்வரே சொல்லும். நம்ம ஸ்கிரிப்ட் உடனே உங்க பையன் போனை அடிக்க வைக்கும்."

"சர்வர் மறந்துட்டா?"

"மறக்காது. ஆனா ரொம்ப நேரம் பேச்சே இல்லைன்னா, ஆள் போயிட்டான்னு நினைச்சு இணைப்பை வெட்டிடும். அதனால நடுநடுவுல 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிட்டு மறுபடி உட்காரும். நெட் போனாலும், வந்த உடனே முதல் கேள்வி, 'படிக்காத மெயில் ஏதாவது இருக்கா?'ங்கறதுதான். இருந்தா எடுத்துக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. தொந்தரவு செய்யாமல், இடத்தை விட்டு நகராமல், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நிற்பது. எங்கள் அப்பா ஆட்களிடம் எதிர்பார்த்தது அதைத்தான். அவள் எனக்காகவே திரையில் வரும் வாசகங்களைத் தமிழில் போட்டிருந்தாள். பெரும்பாலும் ஒரே சொல்தான் தெரியும்: 'காத்திருக்கிறேன்.'

அன்றைக்கே ஒன்று சொன்னாள். "இந்த மெயில் பெட்டியை வேற யாரும் திறக்கக் கூடாது மாமா. யாராவது திறந்து பார்த்துட்டா, அது படிச்ச மெயில்னு ஆயிடும். ஸ்கிரிப்ட் தாண்டிப் போயிடும். பாஸ்வேர்டை மாத்திடட்டுமா? இல்லேன்னா 'படிக்காதது இருக்கா'ன்னு கேட்கற அந்த ஒரு வரியை வேற மாதிரி எழுதணும். கொஞ்சம் வேலை இழுக்கும்."

"எதுக்கு?" என்றேன். "பாஸ்வேர்டை மாத்தி ஒளிச்சு வைக்க இது என்ன திருடன் குடியிருக்கற வீடா? நம்ம ஆளுங்க யாரும் தொடமாட்டாங்க. என் வார்த்தை."

சொல்லிவிட்டு மகனையும் தம்பியையும் பார்த்தேன். முதலில் தலையாட்டியது தம்பிதான். "நாங்க ஏன் தொடப்போறோம்?" என்றான்.

இவ்வளவும் நினைவில் ஓட, நான் தம்பியின் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. மேசைமேல் இருந்த தாளை எடுத்து, தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தாள்.

"தப்பு என்னோடதுன்னா கையெழுத்துப் போடறேன் மாமா. ஆனா என்ன ஆச்சுன்னு தெரியாம போடமாட்டேன்."

இந்த வீட்டிலேயே பிறந்தவள் பேசுவதுபோல் இருந்தது. "பார்" என்றேன். மகனையும் கூப்பிட்டேன். அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து மனைவிக்குப் பின்னால் நின்றான்.

அவள் கணினியில் எதையோ திறந்து வெகு நேரம் பார்த்தாள். "அன்னிக்கு மதியம் மின்சாரம் போய் வந்தப்போ நம்ம நெட்டும் கொஞ்ச நேரம் போயிருக்கு. லிஃப்ட் அனுப்பின மெயில் அந்த இடைவெளியில வந்திருக்கு. நெட் வந்ததும் ஸ்கிரிப்ட் சரியா போய்க் கேட்டிருக்கு, படிக்காதது இருக்கான்னு. சர்வர் இல்லைன்னு சொல்லியிருக்கு." எங்கள் பக்கம் திரும்பினாள். "அதுக்குள்ள யாரோ படிச்சிருக்காங்க."

"நான் வேற ஒரு கட்டடத்துல லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேன்பா" என்றான் மகன். "போனே கையில இல்லை."

தம்பியைப் பார்த்தேன்.

"நான் முடிவெட்டிக்கப் போயிருந்தேன்" என்றான்.

"எங்க போயிருந்தேன்னு கேட்கல."

"தொடலைண்ணா! நீ வார்த்தை குடுத்த பிறகு தொடுவேனா? அந்தக் கம்ப்யூட்டர் பக்கம்கூட நான் போறதில்லை. அதெல்லாம் சர்வரே படிச்சதுன்னு குறி போட்டிருக்கும். மெஷின்தானே."

"சர்வர் படிக்காது சின்ன மாமா" என்றாள் மருமகள். "நம்ம வீட்டு மெயில்ல அதுக்கு என்ன அக்கறை?"

"உனக்கு ஒரு தப்பு வந்துட்டா, உடனே வீட்டு ஆளுங்க மேல கை காட்டறதா? நேத்து வந்த பொண்ணு."

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் தம்பியைத்தான் நம்பினேன். அவன் என் அப்பாவின் மகன். என் வார்த்தையை என் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்கிறான். ஸ்கிரிப்டில்தான் ஏதோ கோளாறு என்று வாய்வரை வந்துவிட்டது. 'நேத்து வந்த பொண்ணு' என்ற சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றதால் வாயை மூடிக்கொண்டேன்.

மருமகள் கோபப்படவில்லை. "சரி சின்ன மாமா, அப்போ செஞ்சே பார்த்துடலாம். நெட்டைப் புடுங்கிடறேன். இவர் வெளியில நின்னு தன் போன்ல இருந்து ஒரு மெயில் அனுப்பட்டும். யாரும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். கொஞ்ச நேரம் கழிச்சு நெட்டைப் போடுவோம். சர்வர் தானா படிச்சதுன்னு குறி போட்டிருந்தா, நீங்க சொல்றது சரி."

இதில் மறுக்க என்ன இருக்கிறது? தம்பி தோளைக் குலுக்கினான். அவள் ரவுட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. மகன் வாசலுக்குப் போய் நின்று கட்டைவிரலால் எதையோ அடித்தான். "அனுப்பிட்டேன்" என்றான்.

நாங்கள் நால்வரும் காத்திருந்தோம்.

டிங்.

தம்பியின் சட்டைப் பையில்.

மணி அடித்ததைக்கூட மன்னித்திருப்பேன். அடுத்து அவன் செய்ததைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கொசு கடித்த இடத்துக்குக் கை தானாகப் போவதுபோல அவன் கை பைக்குப் போனது. போனை எடுத்தான். கட்டைவிரல் தேய்த்தது. படித்தான். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்த பிறகுதான் எங்கள் மூன்று பேரின் முகமும் அவனுக்குத் தெரிந்தது.

"விளம்பரம்" என்றான். "தினமும் எவனாவது அனுப்பறான்."

"என்ன விளம்பரம் சித்தப்பா?" என்றான் மகன் வாசலிலிருந்து. "'ரேடியோ கேட்கிறதா'ன்னா?"

மருமகள் வயரை மறுபடி செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. திரையில் எழுத்துகள் ஓடின. 'இணைந்தேன்' என்றது. 'படிக்காத மெயில் இல்லை' என்றது. கடைசியில் அந்த ஒரே சொல்: 'காத்திருக்கிறேன்.'

அந்தச் சொல்லை நான் எத்தனையோ நாள் பெருமையாகப் பார்த்திருக்கிறேன். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகச் சேதியைத் தூக்கிக்கொண்டு போன வீட்டில் அது இன்னும் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"எப்ப இருந்துடா?"

"ஆரம்பத்துல இருந்தே அந்தப் பெட்டியை என் போன்லயும் போட்டு வச்சிருக்கேன் அண்ணா. சும்மா ஒரு பார்வைக்குத்தான். இத்தனை வருஷம் நான்தானே முதல்ல பார்த்தேன். திடீர்னு ஒரு மெஷினுக்கு முதல்ல தெரியும், எனக்குக் கடைசியில தெரியும்னா…"

"அன்னிக்கும் பார்த்தியா?"

அவன் தலை குனிந்தான். "முடிவெட்டற நாற்காலியில இருந்தேன். பார்த்தேன். மெஷின் உன் பையனுக்குச் சொல்லியிருக்கும், அவன் போயிருப்பான்னு நினைச்சேன்."

"ஒரு போன் போட்டுப் 'போயிட்டியாடா'ன்னு கேட்க என்ன?"

"கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்களே."

நான் அவனை நெருங்கிப் போனேன். ஒரு பொம்பளை இரும்புப் பெட்டிக்குள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கிருதாவைச் சமமாக்கிக்கொண்டிருக்கிறான். கேட்டால் குட்டு வெளிப்படும் என்று வாயைக் கட்டிக்கொண்டான். அதோடு விட்டானா? சங்கத்துக்குப் போய், என் மருமகளின் பெயரைத் தானே எடுத்துக்கொடுத்து, எப்படி எழுதினால் போதும் என்று யோசனையும் சொல்லிவிட்டு வந்து இங்கே உருளையை உருட்டிப் பார்க்கிறான்!

"அண்ணா, கோபப்படாதே. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு. இது நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும். நான் இனிமே தொடல. அவ சின்னப் பொண்ணு. ஒரு கையெழுத்துப் போட்டா நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. என் பேர் வெளியில வந்தா நம்ம அப்பா பேர் இல்ல கெடும்?"

"அவ பேரை எல்லா வாசல்லயும் ஒட்டினா மானம் போகாது. உன் பேரைச் சொன்னா போயிடும். அப்படித்தானே? அப்போ அவ யார் வீட்டு ஆளு? சொல்லுடா. பக்கத்து வீடா?"

ரேடியோ முதல்முறையாக நின்றுபோயிருந்தது.

மருமகள்தான் பேசினாள். "மாமா, என் பக்கமும் தப்பு இருக்கு. படிச்சதா படிக்கலையான்னு கேட்கறதே சரியில்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஒரு வரிசை எண் குடுக்கும். 'நான் கடைசியா பார்த்த எண்ணுக்கு அப்புறம் என்ன வந்துச்சு?'ன்னு கேட்டிருந்தா, யார் படிச்சிருந்தாலும் தப்பாது. எனக்கு அது அப்பவே தெரியும். உங்க வார்த்தையை நம்பி அந்த வரியை அப்படியே விட்டுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கணக்கை நேராகச் சொன்னாள். தம்பி சொன்ன எதுவும் அவ்வளவு ஆழமாகப் போகவில்லை. எங்கள் அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வார்த்தையை நம்பிப் பலர் பல காரியம் செய்திருக்கிறார்கள், யாரும் ஏமாந்ததில்லை. முதலில் ஏமாந்தது என் மருமகளும், அவள் எழுதிய ஒரு வரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற விதத்தைப் பார்த்து வந்துவிட்டான். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துச் செயலாளர் கையில் கொடுத்தேன்.

"இதுல எழுதியிருக்கறது பொய். என் மருமகள் எழுதினது ஒழுங்கா வேலை செஞ்சது. அதைக் கெடுத்தது என் தம்பி. யாரும் தொடமாட்டாங்கன்னு நான் குடுத்த வார்த்தையை மீறி, மெயிலைத் திருட்டுத்தனமா படிச்சது இவன். படிச்சுட்டு வாயைத் திறக்காம இருந்ததும் இவன். மிச்சத்தை அவனே சொல்வான்."

தம்பி சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் முழுதும் சொன்னான். பின்வரிசையில் ஒருவர், "இவர் முடிவெட்டிக்கிற வரைக்கும் அந்தம்மா உள்ளேயே உட்கார்ந்திருக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு சவுக்கடியாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அது எங்களுக்குச் சேர வேண்டியது.

தையற்காரம்மா முன்வரிசையில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். எழுந்து தம்பிக்கு நேரே வந்து நின்றார்.

"படிச்சீங்க இல்ல? அந்த மெயில்ல என்ன போட்டிருந்துச்சு?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் முகம் கொடுக்கவில்லை.

"லிஃப்ட் நடுவுல நின்னிருக்கு… உள்ளே எடை இருக்குன்னு."

"எடையா?"

"ஆமா."

"நான் எடையா?" அந்தம்மாவின் குரல் ஏறவில்லை. "அப்போ உள்ளே ஆள் இருக்கறது தெரிஞ்சுதான் இருந்தீங்க. நான் கத்தினது கட்டடத்துல யாருக்கும் கேட்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க ஒருத்தருக்குக் கேட்டிருக்கு."

தம்பியின் உதடு அசைந்தது. "தப்புதான்மா" என்றான். எடை என்று போட்டிருந்ததை அவன் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. அங்கேயே அவனை அறைந்திருப்பேன். அடுத்தவர் வீட்டு வாசல் என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "இது உங்க குடும்ப விவகாரம் சார். எங்களுக்கு ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான். யார் போட்டா என்ன?"

"யார் போட்டா என்னவா?" என்றேன். "நீங்க பேரை முன்னாடியே அடிச்சு வச்சுட்டு வந்தீங்களே, அப்போ யார்னு ரொம்பத் தெளிவா இருந்துச்சு. வேலையைக் குடுக்கறதும் எடுக்கறதும் உங்க இஷ்டம். என் மருமகள் பேர் எந்தச் சுவத்துலயும் ஏறாது. பேர் வேணும்னா என் பேரைப் போடுங்க, என் தம்பி பேரைப் போடுங்க. அவசர மணிக்குப் பேட்டரி மாத்தாத சங்கத்தோட பேரையும் பக்கத்துலயே போடுங்க."

செயலாளரின் கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது. இம்முறை நெற்றிக்கு.

தையற்காரம்மா என் பக்கம் திரும்பினார். "பேரெல்லாம் எனக்கு வேண்டாம். மொதல்ல அந்த ஸ்டிக்கரை எடுங்க. அதுல எழுதியிருக்கறது நிஜமான பிறகு ஒட்டுங்க."

நான் லிஃப்டுக்குள் போனேன். மகனைக் கூப்பிட்டிருந்தால் கத்தியால் ஒரு நிமிடத்தில் எடுத்திருப்பான். கூப்பிடவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். 'பதற வேண்டாம்' லேசாக வந்துவிட்டது. அப்பாவின் பெயர் இருந்த இடம்தான் இரும்பைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரப்படாமல் முழுவதையும் சுரண்டி எடுத்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலை போகவில்லை, கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கூட்டங்கள் அதற்குத்தானே இருக்கின்றன. ஆனால் எந்த வாசலிலும் அந்தத் தாள் ஏறவில்லை. அவசர மணிக்கு மட்டும் மறுநாளே புதுப் பேட்டரி வந்தது.

நாங்கள் திரும்பியபோது மருமகள் அந்த வரியை மாற்றி எழுதி முடித்திருந்தாள். வயரைப் பிடுங்கி, மெயில் அனுப்பி, தம்பியின் போனிலேயே அதைத் திறந்து படிக்கச் சொல்லி, வயரைச் செருகினாள். மகனின் போன் அலறியது. இன்னொரு முறை. மறுபடியும் அலறியது.

"இனிமே யார் படிச்சாலும் கவலையில்லை மாமா" என்றாள். முகத்தில் வெளிச்சம் திரும்பியிருந்தது. "நம்பர் வச்சுக் கேட்குது. சின்ன மாமா போன்ல இருந்தாக்கூடப் பரவாயில்லை."

எங்கள் குடும்பத்தின் வார்த்தையை இனி நம்பத் தேவையில்லை என்று ஒரு ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. அது சரியான வேலை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பொறுக்கவில்லை.

"பரவாயில்லைன்னு யார் சொன்னது?" என்றேன். "ஸ்கிரிப்ட் ஓடறதுக்காக இல்லம்மா. குடுத்த வார்த்தை குடுத்ததுதான். எடுடா போனை."

தம்பி எடுத்து மேசைமேல் வைத்தான். அவனே, என் கண் முன்னால், அந்த மெயில் பெட்டியைப் போனிலிருந்து நீக்கினான்.

"பாஸ்வேர்டையும் மாத்தும்மா."

அவள் சற்றுத் தயங்கினாள். அன்று நான் பேசிய பேச்சு அவளுக்கு மறந்திருக்காது. "மாத்திட்டு உங்களுக்குச் சொல்லட்டுமா மாமா?"

"எனக்கும் வேண்டாம்."

அவள் கணினிப் பக்கம் திரும்பி விசைகளைத் தட்டினாள். தம்பி, காலியான பையைத் தடவிக்கொண்டு, கதவருகே நின்றான். போகவும் மனமில்லை, உட்காரவும் தைரியமில்லை.

"அப்போ இனிமே எனக்கு எப்ப அண்ணா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்போது."